நமீபியா அண்ணாச்சியும் வல்லநாட்டு மான்களும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு, என் மகள் தர்ஷினி சாப்பிட வரவில்லை. எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை. மீன்குழம்பு வைத்த நாளில் கூப்பிடாமலே வந்து உட்காருகிறவள். அன்று மீன்குழம்பு. சீலா.

இதற்கெல்லாம் காரணம் எங்கள் தெருவின் நமீபியா அண்ணாச்சி. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிப் போனவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். போன இடத்தில் சிங்கத்துக்கும் யானைக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, திரும்பி வந்து ஊரில் உள்ள அத்தனை பேரையும் மிருகக் கணக்கில் சேர்த்தவர் அவர் ஒருவர்தான்.

அண்ணாச்சி கப்பலில் சமையல்காரராகப் போனவர். நமீபியா துறைமுகத்தில் குடல்வால் வெடித்து, கப்பல்காரன் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கிளம்பிவிட்டான். தையல் பிரித்து வெளியே வந்தவரை ஒரு வேட்டை முகாம்காரன் சமையலுக்குக் கூட்டிப் போனான். அமெரிக்காக்காரனும் ஜெர்மன்காரனும் பணம் கட்டி மிருகம் சுட வருகிற முகாம் அது. அண்ணாச்சி துப்பாக்கியைத் தொட்டதில்லை. சுட்டு வந்ததைச் சுக்கா போட்டுக் கொடுத்தது மட்டும்தான். அங்கே இறைச்சியை உப்புப் போட்டுக் காயவைத்துத் தின்பார்களாம். "அதுக்குப் பேரு பில்டாங்னு சொல்லுதான். நான் பாத்தேன். நம்ம உப்புக்கண்டம். இதுக்கா கடல் தாண்டி வந்தோம்னு ஆயிப்போச்சு."

வேட்டைக்காரர்களிடம் அவர் படித்து வந்த ஒரு வித்தை உண்டு. இடுப்பில் சின்னத் துணிப்பை; அதில் சாம்பல். எதை நெருங்கினாலும் முதலில் பையை ஒரு உதறு உதறிக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். மிருகத்துக்கு நம் வாடை போகக் கூடாதாம். ரேஷன் கடைக்குப் போனாலும் உதறுவார். தன் வீட்டு வாசலிலும் உதறுவார்.

"வீட்டுக்குள்ள போறதுக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"காத்து தெரியாம நம்ம வீட்டம்மாகிட்ட போகப்படாது தம்பி. அனுபவத்துல சொல்லுதேன்."

தெருநாய்கள் பெருகிவிட்டன என்று குடியிருப்போர் சங்கத்தில் கூட்டம் போட்டபோது எல்லாரும் பிடித்துக் கொண்டுபோய் விடச் சொன்னார்கள். அண்ணாச்சி எழுந்து, "எத்தன நாயி?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. "எண்ணாம சுடவும்படாது, எண்ணாம பேசவும்படாது. அங்க முதல்ல எண்ணுவான். பொறவுதான் எத்தனைக்கு பெர்மிட்டுன்னு முடிவு பண்ணுவான்." மறுநாளே பைனாகுலரோடு மொட்டைமாடியில் ஏறி எண்ண ஆரம்பித்தார். எதிர்மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா, பைனாகுலர் தன்னைத்தான் பார்க்கிறது என்று அண்ணாச்சியின் வீட்டம்மாவிடம் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்று சாம்பல் பை எந்த உதவியும் செய்யவில்லை.

அடுத்த கூட்டத்தில்தான் எதைச் சுடலாம் என்று விளக்கினார். "பெட்டையத் தொடப்படாது. எளவட்டத்தத் தொடப்படாது. கூட்டத்துல ஒரு கெழட்டுக் கடா இருக்கும். அதால இனிமே குட்டி கிடையாது. ஆனா வழிய மறிச்சிக்கிட்டு நிக்கும், எளசுகள நெருங்க விடாது. அதுக்குத்தான் பெர்மிட்டு. கழுத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும்."

கூட்டம் மொத்தமும் மெதுவாகத் திரும்பி, பதினெட்டு வருஷமாகச் செயலாளராக இருப்பவரின் கழுத்தைப் பார்த்தது.

"எல்லாரும் என்னைய எதுக்குவே பாக்கிய?" என்றார் அவர். அடுத்த வாரமே உடல்நிலையைக் காரணம் காட்டி விலகிவிட்டார்.

பெரியவர்கள் சிரித்துக்கொண்டு கேட்டதை நெஞ்சில் போட்டுக்கொண்டவள் என் மகள் ஒருத்திதான். அவளுக்கு அண்ணாச்சியின் கதைகள் வேண்டும். அண்ணாச்சியின் நியாயம் மட்டும் ஆகாது. சாயங்காலம் ஆனால் இரண்டு பேருக்கும் சண்டை.

"பாவம் தாத்தா. காசு இருக்கவன் சுடுவான், மானு சாவணுமா?"

"ஏளா, அந்தக் காசு ஊருக்கு வருதுல்லா? சிங்கம் ஆட்டத் தின்னா குடியானவன் என்ன செய்வான்? வெசம் வைப்பான். அதே சிங்கத்தால ஊருக்குத் தண்ணித் தொட்டி வருது, காவக்காரனுக்குச் சம்பளம் வருதுன்னா, வைப்பானா?"

"தொட்டிய கவர்மென்டு கட்டட்டும்."

"கேக்கா பாரு கேள்வி," என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். பிறகு குரல் இறங்கும். "எல்லா எடத்துலயும் ஒழுங்கா நடக்கலளா. சில ஊர்ல அந்தப் பணத்த பெரிய மனுசன் தின்னுட்டான். அங்கெல்லாம் சனங்க திரும்பக் கண்ணி வச்சிட்டாவ. ஒரே வருசத்துல காடு மொட்டையாப் போச்சு. அதையும் நான் பாத்திருக்கேன்."

இப்படி ஒளிக்காமல் சொல்கிறவரிடம் ஒரு பிள்ளை எப்படிக் கோபித்துக்கொள்ளும்? அவளும் விடாமல் போய்க்கொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அவள் கூட்டாளிகள் வீடு எல்லாம் பார்த்தாயிற்று. சைக்கிள் வாசலிலேயே நின்றது. என் மனைவி செல்வி பதறாதவள். அவளும் இரண்டரை மணிக்குச் சேலை முந்தானையைக் கையில் சுற்ற ஆரம்பித்தாள். எங்கள் தெரு முடிகிற இடத்தில் உப்பளம். அதைத் தாண்டி உடைமரக் காடு. இரண்டு வாரத்துக்கு முன் அங்கே நரி பார்க்கப் போகிறேன் என்று கிளம்பியவளை நான்தான் அதட்டி நிறுத்தியிருந்தேன். அங்கேதான் போயிருக்கிறாள் என்று முடிவுகட்டி, நேரே அண்ணாச்சி வீட்டுக்குப் போய்க் கத்தினேன்.

"காடு காடுன்னு அவ தலையில ஏத்திவிட்டியளே, இப்ப பிள்ள அந்த உடங்காட்டுக்குள்ள போயிட்டா. ஏதாவது ஆச்சுன்னா நீங்கதான் அண்ணாச்சி."

சாப்பிட உட்கார்ந்திருந்தவர் எழுந்து கையைக் கழுவினார். செல்போனை எடுக்கவில்லை, சாம்பல் பையைக்கூட எடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் நடந்தார்.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக நான் வண்டியை எடுத்தபோது போன் வந்தது. "சார், வல்லநாட்டு மான் சரணாலயத்துலேருந்து பேசுதேன், வனக்காவலர். உங்க பொண்ணு இங்கன பத்திரமா இருக்கு. தனியா பஸ்ல வந்திருக்கு. மானு எண்ணணுமாம்."

நான் எப்படி அந்தத் திருநெல்வேலிச் சாலையில் வண்டி ஓட்டினேன் என்று தெரியாது. வழியில் புதுக்கோட்டை என்கிற ஊர் வந்ததும் போனதும் நினைவில் இல்லை. காவலர் கொடுத்த கடலைமிட்டாயைத் தின்றுகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அடிக்க ஓங்கிய கை அவள் தலையில் போய் விழுந்து அங்கேயே நின்றுவிட்டது.

"நம்ம வெளிமானை அமெரிக்காவுல பண்ணையில வளத்து, பணம் வாங்கிச் சுட விடுதாங்களாம்பா. அங்க ஆயிரக்கணக்குல இருக்காம். இங்க எத்தன இருக்குன்னு தாத்தா கேட்டாரு. எனக்குத் தெரியல. எண்ணிட்டு வந்து பேசுன்னாரு."

"எத்தன இருக்கு?" என்று கேட்டார் காவலர்.

"மூணு பாத்தேன். நாலாவது ஓடிட்டு."

வீட்டுக்கு வந்து சேர ஐந்தாகிவிட்டது. தெருவே எங்கள் வாசலில். ஆளாளுக்கு அறிவுரை, ஆளாளுக்குக் காபி. சீலாக் குழம்பை மூன்றாவது முறை சுடவைத்தாள் செல்வி. அப்போது அண்ணாச்சியின் வீட்டம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள்.

"பிள்ள வந்துட்டா, நல்லது. அவரு எங்க?"

பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொன்ன எனக்கு, தேடப் போனவரிடம் சொல்லத் தோன்றவில்லை. போனும் அவரிடம் இல்லை.

"சாப்பாட்டுல உக்காந்த மனுசன்," என்றார்கள். "சுகரு மாத்திரையும் போடல."

தர்ஷினி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டாள். தெரு ஆண்கள் இரண்டாகப் பிரிந்து போனார்கள். உடைமரக் காட்டில் நின்று எல்லாரும் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டால், தூத்துக்குடியில் எத்தனை அண்ணாச்சிகள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். உப்பளத்தில் வேலை பார்த்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் அண்ணாச்சி அவர்களில் இல்லை. பன்னிரண்டு வருஷம் வேட்டைக்காரர்களோடு இருந்தவருக்குத் தடம் பார்க்கத் தெரியாதா என்று ஒருவர் கேட்டார். "அவரு அங்க சோறு பொங்கினவருவே," என்றார் பழைய செயலாளர். குரலில் கிண்டல் இல்லை. டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றதும் அவர்தான்.

வெயில் இறங்கி, உப்புக் குவியல்கள் சிவந்து நின்ற நேரம். டார்ச்சுக்குப் பேட்டரி எடுக்க ஓடி வந்த நான் எங்கள் வாசலில் நின்றிருந்தேன். தர்ஷினி என் முதுகுக்குப் பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெருமுனையில் ஒரு உருவம் தெரிந்தது. முழங்கால் வரை உப்பளத்துச் சகதி. சட்டையில் ஒரு கை முள்ளில் போய்விட்டது. காலில் ஒரு செருப்புதான். கையில் ஒரு சின்னச் செருப்பு, சிவப்பு நிறம், எந்தக் காலத்திலோ எந்தப் பிள்ளையோ தொலைத்தது.

எங்கள் வாசல் வரை வந்தார். மத்தியானத்திலிருந்து வெயிலில் உப்பைப் பார்த்த கண்ணுக்கு என் முகமே சரியாகத் தெரியவில்லை; எனக்குப் பின்னால் நின்றவளை எங்கே பார்க்கப் போகிறார்? படியேறவில்லை. அந்தச் செருப்பை என்னிடம் நீட்டினார்.

"இது பிள்ளையோடதான்னு பாருங்க தம்பி. ஆள இன்னும் காங்கல. ஒரு செம்பு தண்ணி மட்டும் தாங்க, இருட்டுததுக்குள்ள திரும்பப் போணும்."