சுத்தமான ரத்தம்

"ரீடிங் ரொம்ப இறங்கிப் போச்சு அங்கிள். பாஸ்னு எழுத முடியாது" என்றாள் கிளினிக் நர்ஸ் ஸ்டெஃபனி.

பக்கிரிசாமி தன் கையைப் பார்த்தார். இருபத்தாறு வருடமாகக் கரப்பானுக்கும் கரையானுக்கும் மருந்து அடித்த கை. இப்போதெல்லாம் ஒரு சட்டைப் பொத்தானைப் போடவே நாலு தரம் தடுமாறியது.

அவர் தொழிலில் வருடத்துக்கு ஒரு சட்டம் வந்தது. கையுறையை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். ஐம்பத்தைந்து வயதில் மலாய் மொழியில் பரீட்சை எழுதச் சொன்னார்கள். மூன்றாம் முறை தேறினார். இந்த வருடம் ரத்தத்தையே கேட்டுவிட்டார்கள். உடம்பில் மருந்து ஏற ஏற ரத்தத்தின் ரீடிங் இறங்கும்; இறங்கினால் லைசென்ஸ் பட்டியலில் பெயர் கிடையாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீசில் முதலாளி முகுந்தன் அந்தப் பேப்பரைப் படித்து உதட்டைப் பிதுக்கினார். கம்பெனி தொடங்கிய காலத்தில் பக்கிரிசாமியோடு தோளில் பம்ப் மாட்டிக்கொண்டு அலைந்தவர்தான்.

"உடம்பைப் பாத்துக்கணும்லா அண்ணே. ரெண்டு வாரம் அடிக்கப் போக வேண்டாம். ஸ்டோர்ல இருங்க."

ஸ்டோருக்கு ஜன்னல் இல்லை. பெரிய டிரம்மிலிருந்து சின்ன போத்தலுக்கு மருந்து ஊற்றுவதுதான் அங்கே வேலை.

இரண்டு வாரம் கழித்து வந்த ரிசல்ட்டை ஸ்டெஃபனி இரண்டு தரம் படித்தாள்.

"ரெஸ்ட் எடுத்தீங்களா அங்கிள்?"

"எடுத்தேம்மா."

"இன்னும் இறங்கியிருக்கே! அடுத்த தடவையும் இப்படி வந்தா, நான் மேல ரிப்போர்ட் அனுப்பியாகணும்."

சுங்கை வே வீட்டில் மனைவி வீரம்மா, "வேலைய விட்டுருங்க" என்றாள்.

"விட்டுட்டு? இந்த வயசுல என்னை எவன் எடுப்பான்?"

வீரம்மா அவருக்கு டீ ஊற்றி வைத்தாள். பிறகு, "என் தம்பி லோகன் இருக்கான்ல? உங்க உயரம், உங்க வழுக்கை. மாஸ்க் போட்டா எனக்கே அடையாளம் தெரியாது" என்றாள்.

லோகன் அம்பாங்கில் ஒரு கொண்டோ குடியிருப்பில் செக்யூரிட்டி. மருந்து வாடையே அறியாதவன். விஷயத்தைக் கேட்டதும் அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"ஐ.சி. கார்டைக் குடுங்க மாமா, அடையாளம் கேப்பாங்க. நான் பாத்துக்கறேன்."

லோகனின் ரத்தத்துக்கு வந்த ரிசல்ட்டைப் பார்த்து முகுந்தன் பல் தெரியச் சிரித்தார்.

"கிள்ளான் போர்ட்ல கப்பல் கன்டெய்னருக்கு விஷ கேஸ் அடிக்கற வேலை கிடைச்சிருக்கு. ரீடிங் டாப்பா இருக்கறவங்களத்தான் அனுப்பணும்னு புது ரூல். நம்ம கம்பெனியில அப்படி ரெண்டே பேரு, நீங்களும் நானும். நான் ஆபீசைப் பாக்கணும். திங்கக்கிழமை நீங்க போயிருங்க."

பக்கிரிசாமி போனார். மூன்றாவது வாரம் கன்டெய்னர் நிழலில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வீட்டில் சோற்றைக் கரண்டியால் அள்ளினால் பாதி மடியில் விழுந்தது. வீரம்மா பார்க்கக் கூடாதென்று சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு நாள் அவள் தட்டை வாங்கி, பிசைந்து ஊட்டிவிட்டாள்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முகுந்தன் முன்னால் போய் நின்றார்.

"பாஸ், அந்த ரத்தம் வந்து..."

"ரத்தத்தைப் பத்தி எங்கிட்ட எதுவும் பேசாதீங்கண்ணே!" முகுந்தன் டீ கிளாஸை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். "போர்ட் வேலைக்கு இனிமே மாசா மாசம் டெஸ்ட். ஒரே ஒரு பேப்பர் ஃபெயில் ஆனாலும் கம்பெனிய மூடிருவாங்க. ஒம்பது குடும்பம்ணே. சனிக்கிழமை சாயங்காலம் போய் ரத்தம் குடுத்துட்டு வந்துருங்க."

சொந்த ரத்தத்தைக் கொடுத்தால் ஒன்பது குடும்பம் தெருவில் நிற்கும். கொடுக்காவிட்டால் போர்ட் வேலை அவரைத் தின்றுவிடும். பக்கிரிசாமி லோகனுக்கே மறுபடி போன் போட்டார்.

"இந்தச் சனிக்கிழமையா மாமா?" லோகன் சற்றுத் தயங்கினான். "சரி, வரேன்."

சனிக்கிழமை கிளினிக்கில் கூட்டம் இல்லை. தலை சுற்றியதால் பக்கிரிசாமி மாஸ்க்கை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். லோகன் கவுண்டரில் அவருடைய ஐ.சி.யை நீட்டிவிட்டு, சட்டைக் கையை மடித்தான்.

ஸ்டெஃபனி ஐ.சி.யைப் பார்த்தாள். லோகனின் முழங்கை மடிப்பில் ஏற்கெனவே ஒட்டியிருந்த பிளாஸ்டரைப் பார்த்தாள். பக்கிரிசாமி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

"லோகன் அங்கிள், காலையிலதானே முகுந்தன் பேருல குடுத்துட்டுப் போனீங்க, ஒரே நாள்ல ரெண்டு பேருக்கு ரத்தம் குடுத்தா நீங்க என்னத்துக்கு ஆவீங்க?"