மணிக்கு நூற்றைம்பத்தொரு கிலோமீற்றர்

"நூற்றைம்பது" என்று சொல்லி வாயை மூடிய பிறகுதான், தன்னுடைய ட்ரோன் இதுவரை அறுபத்திரண்டைத் தாண்டியதில்லை என்பது ஜெயரூபனுக்கு நினைவு வந்தது.

சொன்ன இடமும் சரியில்லை. எதிரில் இருந்தவர் சோமசேகரம், மாட்டுவண்டிச் சவாரிச் சங்கத் தலைவர். தென்மராட்சியில், சாவகச்சேரிக்குக் கிட்ட நடக்கவிருந்த சவாரிப் போட்டியை வானத்திலிருந்து எடுத்து, வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"பட்டணத்திலை இருக்கிற சுஹைர் நூற்றுமுப்பது ஓட்டுவன் எண்டவன். நீர் நூற்றைம்பதோ?"

"ஓம் ஐயா. காத்து வாய்ச்சால் கூடவும் போகும்."

சவாரி மாடுகள் எவ்வளவுதான் பறந்தாலும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைத் தாண்டாது. அவற்றைப் படமெடுக்க நூற்றைம்பது எதற்கு என்று இருவருமே யோசிக்கவில்லை. வேகம் என்று வந்துவிட்டால் 'எதற்கு' என்று கேட்கும் வழக்கம் வலிகாமத்திலும் இல்லை, தென்மராட்சியிலும் இல்லை.

"அப்ப ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் திடலுக்கு வாரும். சுஹைரும் வாறான். ஓடிக் காட்டுங்கோ. ஆர் வேகமோ அவருக்குத்தான் சவாரி."

வலிகாமத்தில், மருதனார்மடம் சந்தியில் ஜெயரூபனுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. கலியாணம், சாமத்தியவீடு, கோயில் தேர் எல்லாம் எடுப்பான். ட்ரோன் வாங்கிய நாளிலிருந்து முகநூலில் தன் பெயருக்கு முன்னால் 'வான்வேந்தன்' என்று போட்டுக்கொண்டான். அந்தப் பட்டத்தை வழங்கிய குழுவில் அவன் ஒருவனே இருந்தான்.

அன்றிரவே 'குடாநாட்டின் அதிவேகம், ஞாயிறு மாலை' என்று பதிவும் போட்டுவிட்டான். அதைப் பார்த்தபின்தான் மனைவி குணலட்சுமி வாயைத் திறந்தாள்.

"அறுபத்திரண்டு ஓடுற சாமானை எப்பிடியப்பா நூற்றைம்பது ஓட்டப்போறியள்?"

"மனுவல் மோட்," என்றான், மந்திரம் சொல்வதுபோல.

இதுவரை அவன் ஓட்டியதெல்லாம் ட்ரோன் தன்னைத்தானே நிமிர்த்திக்கொள்ளும் முறையில். அதில் கையை விட்டால் ட்ரோன் மரியாதையாக நேரே வந்துவிடும். ஓர் அளவுக்கு மேல் மூக்கைச் சரிக்கவும் விடாது. மனுவல் மோட்டில் அந்தக் கரிசனை கிடையாது. மூக்கைக் கிட்டத்தட்ட நிலம் பார்க்கச் சரித்து, முழு விசையையும் கொடுத்தால் அம்பாகப் போகும். கையை விட்டாலும் சரிந்தபடியே போகும், நிலம் வரும்வரை.

"உதிலை நீங்கள் ஓடியிருக்கிறியளே?"

"கொம்பியூட்டர் விளையாட்டிலை ஓடியிருக்கிறன்."

"விழேல்லையோ?"

"விழுந்தால் ஒரு பட்டனை அமத்தினால் திருப்பி வரும்."

"தென்மராட்சியிலையும் உந்தப் பட்டன் இருக்குதோ?"

ஜெயரூபன் திருகாணி கழற்றும் வேலையில் இறங்கினான். பாரம் குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ ஒருவன் காணொளியில் சொல்லியிருந்தான். முதலில், விசிறிகளைச் சுற்றியிருந்த காப்பு வளையங்கள் போயின. பிறகு, விழுந்து தொலைந்தால் 'கீ கீ' என்று கத்தி இடத்தைக் காட்டும் சின்னக் கருவியும் போனது.

"அதை ஏன் கழட்டுறியள்?"

"தொலைஞ்சால்தானே அது தேவை."

அடுத்ததாகக் கமராவில் கை வைத்தான். மூக்கைச் சரித்துப் பறக்கும்போது கமரா நிலத்தைப் பார்க்கும். ஆகவே அதை மேலே நிமிர்த்தி வைக்க வேண்டும். நிமிர்த்தினான். நன்றாகவே நிமிர்த்தினான். இப்போது ட்ரோன் நிலத்தில் இருக்கும்போது, கமரா காண்பதைக் காட்ட அவன் கண்ணில் மாட்டும் கண்ணாடிக்குள் ஆகாயம் மட்டுமே தெரிந்தது.

"எழும்பேக்கை முன்னுக்கு என்ன இருக்கெண்டு எப்பிடித் தெரியும்?" என்றாள் குணலட்சுமி.

"முன்னுக்கு வெற்றிதான் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை திடலில் சங்கத்துக்காரர் தகரக் கொட்டகை போட்டு, ஒலிபெருக்கியும் கட்டியிருந்தார்கள். திடலின் மற்றப் பக்கம் ஒரு பனங்கூடல். அதற்கு அப்பாலுள்ள வெளியில் சுஹைர் தன் ட்ரோனை ஓட்டிப் பழகிக்கொண்டு நிற்பதாகச் சோமசேகரம் சொன்னார்.

"பழகத்தான் வேணும், பாவம்," என்றான் ஜெயரூபன்.

தன் கண்ணாடியிலிருந்து ஒரு வயரை இழுத்து, கொட்டகையிலிருந்த தொலைக்காட்சியில் கொழுவினான். அவன் காண்பதை எல்லோரும் காணலாம். சனம் திடலைவிட்டுத் திரையின் முன்னால் குவிந்தது.

கண்ணாடியை மாட்டினான். ஆகாயம். விசையை முழுதாகக் கொடுத்தான். 'ஙீ' என்று ஒரு சத்தம், புழுதி, அவ்வளவுதான். சனம் திரும்பிப் பார்க்கும்போது ட்ரோனைக் காணவில்லை.

"எங்கையடாப்பா போச்சுது?" என்றார் சோமசேகரம். "கண்ணுக்கே தெரியேல்லை!"

"அதுதான் ஐயா வேகம்!"

ஆனால் கண்ணாடிக்குள் அவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை. படம் ஒருதரம் உலுக்கி, மணல் கொட்டியதுபோலப் பொரிந்தது. தொலைக்காட்சியிலும் பொரி. சனம் முணுமுணுத்தது. ஜெயரூபன் பதறாமல், அதாவது பதறுவதை வெளியில் காட்டாமல், கண்ணாடியின் ஓரத்திலிருந்த, படம் வரும் அலைவரிசையை மாற்றும் சானல் பட்டனை அமத்தினான். இன்னும் பொரி. மறுபடி அமத்தினான். மூன்றாம் தரம் படம் பளிச்சென்று வந்தது.

என்ன படம்! கீழே பனைகள் பின்னோக்கி ஓடின. வயல்வரம்புகள் கோடு கோடாகக் கிழிந்தன. மூலையில் வேகத்தின் இலக்கம் ஏறியது. தொண்ணூறு. நூற்றுப்பதினெட்டு. நூற்றுமுப்பத்தாறு.

அதே நேரம் பனங்கூடலுக்கு மேலால் ஏதோ ஒன்று சீறிக்கொண்டு போனது. "அந்தா! அந்தா!" என்று சனம் கத்தியது.

நூற்றைம்பத்தொன்று.

"போட்டான்! எங்கடை பெடியன் போட்டான்!" சோமசேகரம் கதிரையைவிட்டு எழும்பினார்.

ஜெயரூபனின் கண்ணாடிக்குள் ஆனந்தக் கண்ணீர் முட்டியது. அந்த மங்கலில்தான் அவனுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. வலப்பக்கம் திருப்பினான், ட்ரோன் இடப்பக்கம் போனது. விசையைக் குறைத்தான்; அது கூட்டிக்கொண்டு போனது. மனுவல் மோட் என்றால் கொஞ்சம் ரோசமாகத்தான் இருக்கும் என்று எண்ணி, இடப்பக்கம் போக வேண்டி வலப்பக்கம் திருப்பிப் பார்த்தான். ட்ரோன் தலைகீழாக ஒரு குட்டிக்கரணம் போட்டது.

சனம் கைதட்டியது.

"இஞ்சேருங்கோ," குணலட்சுமி மெதுவாகக் கேட்டாள், "உது நீங்கள் செய்ததோ?"

"பின்னை ஆர்?" குரல் கீச்சிட்டது.

இப்போது ட்ரோன் ஏ-ஒன்பது வீதியை நோக்கிப் பாய்ந்தது. ஒரு பஸ் தெரிந்தது. பஸ்ஸின் ஜன்னல்கள் தெரிந்தன. ஜன்னலோரம் ஒருவர் கொட்டாவி விடுவதும் தெரிந்தது. ஜெயரூபன் கையிலிருந்த ரிமோட்டின் எல்லாப் பிடிகளையும் எல்லாப் பக்கமும் இழுத்தான். அது கேட்கவில்லை.

"ஐயோ! ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ! நான் உந்த மோட்டிலை ஒருநாளும் ஓடினதில்லை! நூற்றைம்பது எண்டதும் பொய்! வான்வேந்தன் எண்டதும் நானாப் போட்டது! ஆஞ்சநேயரே, வடைமாலை சாத்துறன், பஸ்ஸிலை அடிக்க விடாதையும்!"

வடைமாலை வேலை செய்தது. பஸ்ஸுக்கு எட்டத்தில் ட்ரோன் அழகாக வளைந்து, மெதுவாகத் திரும்பி, வயலுக்கு மேலால் வந்து, பூவை வைத்ததுபோலப் புல்லில் இறங்கியது. கண்ணாடிக்குள் மறுபடி ஆகாயம்.

ஜெயரூபன் கண்ணைத் துடைத்தான். நெஞ்சை நிமிர்த்த அவனுக்குப் பெரிதாக நேரம் எடுக்கவில்லை.

"பாத்தனீங்களே ஐயா, கட்டுப்பாடு?"

"அப்ப ஒருநாளும் ஓடினதில்லை எண்டு குழறினது?"

"நேரலையிலை பாக்கிற சனத்துக்கு ஒரு விறுவிறுப்பு வேணும்தானே ஐயா. பயந்தமாதிரிக் காட்டினால்தான் சனம் எழும்பாமல் இருந்து பாக்கும்."

குணலட்சுமி தலையில் கை வைத்தாள். சோமசேகரமோ அவனைக் கட்டிப்பிடித்தார். ஒலிபெருக்கியை வாங்கி, சவாரிக்குப் படமெடுக்கப்போவது வான்வேந்தன் ஜெயரூபன்தான் என்றும், சுஹைர் இனி ஓடிக் காட்டத் தேவையில்லை, வீட்டுக்குப் போகலாம் என்றும் மூன்றுதரம் அறிவித்தார். பொன்னாடை ஒன்றும் எங்கிருந்தோ வந்து தோளில் விழுந்தது.

பொன்னாடையோடு ஜெயரூபன் தன் ட்ரோனை எடுக்கப் போனான். திடல் முழுக்கத் தேடினான். புல் இருந்தது. ட்ரோன் இல்லை.

அப்போது கொட்டகைக்குப் பின்வளவிலிருந்து செல்வநாயகி வந்தாள். திடலை ஒட்டி வீடும் மாடும் வைத்திருப்பவள். அவள் கையிலிருந்த பனையோலைக் கடகத்தில் நாலைந்து துண்டாக ஏதோ கிடந்தது.

"தம்பி, உம்மடை சாமான் எழும்பின கையோடை பின்பக்கமா வந்து எங்கடை மாட்டுக்கொட்டில்லை அடிச்சு விழுந்திட்டுது. அப்பவே கொண்டந்து தந்திருப்பன், பனங்கூடலுக்கு மேலாலை அந்த மற்றத் தம்பி தன்ரையை நல்ல வடிவா ஓட்டிக்கொண்டு நிண்டது, அதைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன்."