வளவுக்குள் எத்தனை பேர்?

விண்மீன் மண்டலங்களைக் காரணம் காட்டிக் கலியாணத்தைத் தட்டிக்கழித்த மனிதர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலேயே ஒருவர்தான். அவர் நாங்கள் பட்டம் வைத்த எங்கள் பால்வீதியார்.

சாவகச்சேரியில் எங்கள் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். வயது நாற்பது தாண்டியும் தனியாள். ஆறு பேர் இருந்த அறையிலிருந்து ஒருநாள் தன் மேசையை இழுத்துக்கொண்டுபோய்ப் பழைய கோப்புகள் கிடந்த அறைக்குள் போட்டார். ஏன் என்று கேட்ட தலைமை எழுதுவினைஞருக்கு அரைமணி நேரம் வகுப்பு நடந்தது. தனியே கிடக்கும் மண்டலம் தன் வாயுவைப் பத்திரமாக வைத்துப் புதிய விண்மீன்களைப் பெற்றுக்கொண்டே இருக்குமாம். மண்டலங்கள் கும்பலாக உள்ள இடத்துக்குள் அது விழுந்தால், அங்குள்ள சூடான வாயு எதிர்க்காற்றாய் அடித்து, மோட்டார் சைக்கிளில் போகிறவரின் தோள் துவாயைப் போல எல்லாவற்றையும் பறித்துவிடுமாம். பிறகு புதிதாக எதுவும் பிறக்காது, பழையவை சிவந்துபோய்க் கிடக்கும். தலைமை எழுதுவினைஞர் தலையைப் பிடித்துக்கொண்டு போனார். மேசை அங்கேயே கிடந்தது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் சீதன வீட்டுக்கு, பெண்வீட்டார் இருக்கிற வளவுக்குள், குடிபோவது. அதனால் தரகர் சாதகக் குறிப்பை நீட்டினால் இவர் கேட்பது ஒன்றுதான்.

"வளவுக்குள்ளை எத்தினை பேர்?"

நாலுக்கு மேல் என்றால் குறிப்பு வந்த வழியே திரும்பிவிடும். ஒரு தரகர் மனம் வெறுத்துக் கோழிப்பண்ணை போட்டதாகக் கேள்வி.

கடைசியாக அளவெட்டியில் ஒரு கணித ஆசிரியை. நாதஸ்வரக் குடும்பம், வளவுக்குள் பதினொரு பேர். தரகர் நாலு என்று கூசாமல் சொல்லிவிட்டார். பெண் பார்க்கத் துணைக்குப் போனவன் நான். உள்ளே மூன்று நாதஸ்வரமும் ஒரு தவிலும் ஒரேநேரத்தில் பயிற்சியில் இருந்தன. பால்வீதியாரின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயம். அவரோ அந்தச் சத்தத்துக்கு மேலால் வாயுக் கதை முழுவதையும் அந்தப் பெண்ணிடம் சொல்லி முடித்தார். ஆசிரியை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஒவ்வொரு மண்டலமும் மற்றதுக்குச் சூழல்தானே. நீங்கள் வந்தால் நாங்களும் மாறுவம். அதை ஏன் கணக்கிலை எடுக்கேல்லை?"

பால்வீதியார் இன்னொரு தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார்.

திரும்பும் வழியில் ஒரு வெங்காயத் தோட்டக் கரையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"சின்னனிலை இடம்பெயர்ந்து, ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குள்ளை நாப்பது குடும்பத்தோடை இருந்தனாங்கள். அண்டைக்கு மூடின வாய் தம்பி, கனகாலம் திறக்கேல்லை. சனமெண்டால் எனக்குப் பயம்."

இன்றைக்கு நன்றாகத்தானே கதைத்தீர்கள் என்றேன்.

"ஓம்," என்றார். "அவ கேட்டுக்கொண்டிருந்தவ."

ஆவணியில் கலியாணம். அந்தப் பக்கமே மாற்றலும் எடுத்துக்கொண்டு போனார். இப்போது பின்னேரங்களில் பால்வீதியார் கதைக்கத் தொடங்கினால் மூன்று நாதஸ்வரமும் நிறுத்திவிட்டு அவரைக் கேட்குமாம். தவில் மட்டும் இன்னும் இணங்கவில்லை.

எங்கள் கந்தோரில் நல்ல அமைதி. எனக்கு அது பிடிக்கவேயில்லை. அந்த மனிதரில் இவ்வளவு விருப்பம் வைத்திருந்தேன் என்பது அவர் போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது.