சாக்கண்ணையும் கோல்டன் டொல்பினும்

உலகத்தில் செய்யப்படும் எந்தச் சாக்ஸபோனும் உருப்படியில்லை என்று நிரூபிப்பதற்காகவே பிறந்த மனுசன் ஒருவர் எங்கள் முல்லைத்தீவில் இருந்தார். சாக்கண்ணை. சொந்தப் பெயரை அவரே மறந்திருப்பார். மாதா கோயில் பாண்டில் சாக்ஸபோன் ஊதுகிறவர். ஆனால் சொந்தமாக ஒரு சாக்ஸபோன் கிடையாது. பழையது இடப்பெயர்வில் போய்விட்டது. புதியது எதுவும் அவருடைய சோதனையில் தேறவில்லை.

சோதனை இதுதான். வாத்தியத்துக்குள் ஒரு சின்ன டோச் லைற்றை இறக்குவார். ஒன்றுக்குள் ஒன்று போட்ட இரண்டு சணல் சாக்கைத் தலைவழியே கவிழ்த்து, வாத்தியத்தோடு உள்ளே போய்விடுவார். ஓட்டைகளை மூடிய பிறகும் எங்காவது வெளிச்சம் கசிந்தால் அங்கே காற்றும் கசியும். கணக்குச் சரிதான். பட்டப்பகலில், கடைக்கு நடுவில், ஒரு சாக்கு இருமிக்கொண்டும் ஏசிக்கொண்டும் நிற்பதுதான் பிரச்சினை.

சண்டை நின்று பாதை திறந்த பிறகு வவுனியாக் கடைகளுக்கு யாரும் கேள்விப்படாத பெயர்களில் சாக்ஸபோன்கள் வந்து இறங்கின. ‘இம்பீரியல் றோஸ்’ என்று ஒன்று. அதன் கம்பியைச் சாக்கண்ணை பெருவிரலால் அழுத்தினார். வளைந்தது. கடைக்கார முஸ்லிம் நானாவிடம் கேட்டார்:

“நானா, இது கம்பியோ, விளக்குமாத்து ஈர்க்கோ?”

“தம்பி, பளபளப்பைப் பாருங்க! தங்கம் மாதிரி!”

“பூச்சு கலியாண வீடு. உள்ளுக்குச் செத்த வீடு.”

வாங்க வந்திருந்த இன்னொருவர் அதைக் கேட்டதும் மெல்ல இறங்கிப் போய்விட்டார். அடுத்த முறை தூரத்தில் சாக்கைக் கண்டதுமே கடைக்கார நானா, “வாறான்! கதவைச் சாத்துங்கடா!” என்று கத்தினாராம். சாத்திய கதவை ஆட்டிப் பார்த்து, “பிணைச்சலும் லூசு நானா” என்று சொல்லிவிட்டுத்தான் இவர் பஸ் ஏறினார்.

கடைசியில் பாண்ட் மாஸ்டர் பொறுமை கெட்டு, தானே போய் ஒன்றை வாங்கி வந்தார். ‘கோல்டன் டொல்பின்’. அதன் விரிந்த வாயில் ஒரு மீன் துள்ளுகிற மாதிரிச் செதுக்கல். எங்கள் கடற்கரைச் சனத்துக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. சாக்கண்ணை சாக்குக்குள் போனார். வேர்த்து விறுவிறுத்து வெளியே வந்தார்.

“மாஸ்டர், மீனைத் தவிர மிச்சமெல்லாம் பிழை. ஆணியெல்லாம் வெண்ணெய். நடந்து ஊதினால் கழண்டு விழும். நான் தொடமாட்டன்.”

“தொடாட்டிப் போ! நான் ஊதுறன்.”

திருநாளுக்கு மாஸ்டரே ஊதினார். மாதா சுரூபத்துக்கே காது நொந்திருக்கும்.

அந்த வருசம்தான் என்ர அம்மா செத்துப்போனா. படுக்கையில் கிடந்தபோதே சொல்லி வைத்திருந்தா: “என்னைக் கொண்டுபோகேக்க ஒப்பாரி வேண்டாம். சாக்கன் மாதா பாட்டு ஊதோணும். வீட்டில இருந்து சேமக்காலையில புதைக்கிற கிடங்கு வரைக்கும் பாட்டோட போகோணும்.”

ஓடிப்போய்ச் சாக்கண்ணையிடம் சொன்னேன்.

“ஓம் பிள்ளை. எதில ஊதுறது?”

“டொல்பின் ஒண்டுதானே அண்ணை இருக்கு.”

“அக்காவை அந்தத் தகரத்தோடயோ அனுப்புறது?” என்று பாய்ந்தார். பாய்ந்துகொண்டே சாக்கைத் தூக்கித் தோளில் போட்டார்.

மாஸ்டரிடம் வாங்கிய டொல்பினோடு அம்மாவின் பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாக்கைக் கவிழ்த்தார். செத்த வீட்டுச் சனம் வாயைப் பிளந்தது. சித்திக்கு வந்ததே கோபம்.

“ஐயோ, இதென்ன கூத்து! நீயாவது அழன் பிள்ளை. ஒரு சொட்டுக் கண்ணீர் விடுறாயில்லை, சனம் என்ன சொல்லும்?”

“சனம் சொல்லட்டும். அம்மா வேண்டாமெண்டவா. நான் அழமாட்டன்.”

சாக்குக்குள்ளிருந்து சத்தம் வந்தது: “ஆராவது ஒரு பழைய றப்பர் செருப்புத் தாங்கோ!”

செருப்பை வெட்டி மூடிகளுக்கு அடியில் வைத்தார். பெட்டியின் தலைமாட்டில் எரிந்த மெழுகுதிரியை உருக்கி, கசிந்த இடமெல்லாம் அடைத்தார். பிறகு எழும்பி ஊதினார். டொல்பினுக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறதென்று அதைச் செய்தவனுக்கே தெரிந்திருக்காது.

பாதி வழிதான் போயிருப்போம். டிங்! ஆணி ஒன்று கழன்று விழுந்தது. பாட்டு நின்றது.

“ஒருத்தரும் கால் எடுக்காதேங்கோ!” என்று சாக்கண்ணை கையைத் தூக்கினார். பங்குச் சுவாமியார் ஒற்றைக் காலைத் தூக்கியபடி அப்படியே நின்றார். சனமெல்லாம் கிறவல் றோட்டில் குந்தி ஆணி தேடியது. பெட்டியைச் சுமந்துகொண்டிருந்த மாமா கத்தினார்:

“டேய் விசரா, தோள் முறியுது! பாட்டும் வேண்டாம் கூத்தும் வேண்டாம், நடவுங்கோ!”

“நடக்கேலாது மாமா,” என்றேன் நான். சுவாமியாருக்கு முன்னால் மாமாவை எதிர்த்துக் கதைத்தது அதுதான் முதல்தரம். “அம்மா பாட்டோடதான் போவா. தோள் நொந்தால் ஆளை மாத்துங்கோ.”

மாமா ஆளை மாற்றினார். ஆணி மட்டும் அகப்படவேயில்லை.

சாக்கண்ணை என்னைக் கூப்பிட்டார். “இஞ்ச வா பிள்ளை. இந்த மூடிதான் எழும்புது. பெருவிரலால அமத்திப் பிடி. விடாதை. என்னோட சரிக்குச் சரி நட.”

பிடித்தேன். நடந்தேன். அவர் ஊத ஊத அந்தப் பாட்டு என் விரலுக்குக் கீழே துடித்தது. அதோடு என் வீறாப்பெல்லாம் உடைந்துபோனது. விக்கி விக்கி அழுகை வந்தது. முன்னால் போன சித்தி தலையைத் திருப்பப் போனா. அந்த நேரம் பார்த்துச் சாக்கண்ணை கன்னம் வெடிக்கிற மாதிரிப் பலமாக ஊதத் தொடங்கினார். கிடங்கடிக்குப் போய்ச் சேரும்வரை சத்தத்தைக் குறைக்கவேயில்லை.

அந்தப் பாட்டை அவ்வளவு சத்தமாக ஊதியது பெரிய பிழை என்று மாஸ்டர் இன்றைக்கும் சொல்வார். மாஸ்டருக்கு என்ன தெரியும்? நான் அழுதது அன்றைக்கு ஒருவருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நடந்தவருக்கு மட்டும் கேட்டது.