நாளைக்கு வந்துவிடும், டீச்சர்

டோல்கேட், சென்னை
வெள்ளிக்கிழமை சாயங்காலம்

கர்த்தருக்குள் பிரியத்துக்கும் என் பயத்துக்கும் உரிய அத்தான் அருள்பிரகாசம் அவர்களுக்கு, மைத்துனன் தேவப்பிரியம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. தேவ கிருபையால் இங்கே நானும் தங்கபுஷ்பமும் மகள் மகிமாவும் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். அக்காவின் முழங்கால் வலிக்குத் தைலம் பார்சல் போட்டிருக்கிறேன், கிடைத்திருக்கும். 'சுகம்' என்று மேலே எழுதியது மரியாதைக்காக. உண்மையைச் சொன்னால் இந்த வீட்டில் இப்போது சுகமாக இருப்பது மகிமா வளர்க்கும் தொட்டி மீன் ஒன்றுதான்.

போனில் பேசலாமே என்று கேட்பீர்கள். பேசினால் அக்கா போனை வாங்கி அங்கே அழுவாள், தங்கபுஷ்பம் கதவுக்குப் பின்னால் நின்று இங்கே அழுவாள், நடுவில் நான் யாருக்குப் பதில் சொல்வது? அதனால்தான் கடிதம். விஷயம் தாங்கள் அறிந்ததுதான். காலாண்டுப் பரீட்சையில் மகிமா அறிவியலில் கோட்டை விட்டபோது நான் சர்ச் வாசலில் நாலு பேர் முன்னால், "அரையாண்டிலும் இதே கதை என்றால் அவளை அத்தான் ஊர் போர்டிங்கில் போட்டுவிடுவேன்" என்று சொல்லித் தொலைத்தேன். தாங்களும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்ற செல்வாக்கில் வார்டனிடம் பேசி ஓர் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டீர்கள். வியாபாரி வாக்கு கொடுத்தால் கொடுத்ததுதான். ஆனால் அரையாண்டுப் பரீட்சையை என் மகள் எழுதுவாள் என்று நம்பித்தானே வாக்கு கொடுத்தேன்? அதை நான் எழுத வேண்டி வரும் என்று எந்தத் தகப்பன் கண்டான்?

ஆமாம் அத்தான், நான்தான் எழுதினேன். எட்டாம் வகுப்புக்குப் புதிதாக ஓர் அறிவியல் டீச்சர் வந்திருக்கிறார்கள், பெயர் மகிழினி, வியாசர்பாடிக்காரப் பெண், வயது என் கடை தராசைவிடக் குறைவு. அவர்கள் வகுப்பில் வந்து, "புக்கை மனப்பாடம் பண்ணி வாந்தி எடுக்கறதெல்லாம் வேணாம். ஒலி பாடத்தை உங்க வூட்ல ஒருத்தருக்கு நீங்க சொல்லிக் குடுங்க. அவங்க வந்து எங்கிட்ட பதில் சொல்லணும். அவங்க வாங்குற மார்க்குதான் உங்க மார்க்கு" என்று சொல்லிவிட்டார்கள். சொல்லிக் கொடுத்தால்தான் பாடம் உள்ளே இறங்குமாம். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவும் தலையாட்டிவிட்டார்களாம். தாங்கள் பணியில் இருந்த காலத்தில் இப்படி ஒரு யோசனை எடுத்துக்கொண்டு யாராவது தங்கள் அறைக்குள் நுழைந்திருக்க முடியுமா? மகிமா என் பெயரைக் கொடுத்தாள் என்று கேட்டதும் நான் பூரித்துப்போய் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பிறகுதான் தங்கபுஷ்பம் உடைத்தாள்: "ரொம்பப் பீத்திக்காதிய. வீட்டுல யாருக்குச் சொல்லிக்குடுக்கது ரொம்பக் கஷ்டமோ அவங்களைத்தான் எடுக்கணுமாம். இவதான் முதல்ல கையத் தூக்கினாளாம்."

அன்று முதல் என் மளிகைக்கடை பள்ளிக்கூடமாயிற்று. எண்ணெய் டின்னின் வாயில் பிளாஸ்டிக் கவரை இழுத்துக் கட்டி, மேலே கடுகைத் தூவி, "கத்துங்கப்பா" என்றாள். வாடிக்கையாளர் நிற்கும்போது என்ன கத்துவது என்று நான் முழிக்க, அந்த நேரம் பார்த்து வேலையாள் இசக்கிப்பாண்டி மிளகாய் மூட்டையைத் தண்ணீரில் வைக்க, நான் அவனைப் பிடித்துத் திட்டிய திட்டில் கடுகு துள்ளிக் குதித்துத் தரையெல்லாம் சிதறியது. இவள் கைதட்டி, "அப்பா, நீங்க திட்டசொல்லோ தான் சூப்பரா குதிக்குது! அதிர்வு, அதிர்வு!" என்கிறாள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, பேச்சும் அப்படித்தான் வரும். அடுத்த நாள் கடையின் இரும்பு ஷட்டரில் காதை ஒட்டி வைக்கச் சொல்லி, அந்தக் கோடியில் நின்று விரலால் தட்டினாள். காற்றில் கேட்காதது இரும்பில் ஜோராகக் கேட்டது. கண்ணை மூடி நான் ரசித்துக்கொண்டிருந்ததை எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி சுடலைராஜ் பார்த்துவிட்டு, "அண்ணாச்சிக்கு மண்டையில ஏதோ ஆகிப்போச்சு, ஷட்டர்கிட்ட ரகசியம் பேசுதாரு" என்று தெரு முழுக்கப் பரப்பிவிட்டான். அப்புறம் மிட்டாய் ஜாடிக்குள் என் போனை வைத்து மூடி, டீச்சர் கொடுத்த கைப்பம்பால் காற்றை உறிஞ்சி எடுத்தாள். உள்ளே போன் அடிக்கிறது, வெளிச்சம் தெரிகிறது, சத்தம் மட்டும் தேய்ந்து தேய்ந்து கொசு முனகுவது போல ஆகிவிட்டது. முழுசாகக் காற்றை எடுத்துவிட்டால் அதற்கு வெற்றிடம் என்று பெயராம், அங்கே சுத்தமாகச் சத்தமே கேட்காதாம். மறைப்பானேன் அத்தான், எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அவள் என் முகத்தையே பார்த்து, "அப்பா, நீங்க ஃபெயிலானா நான் போர்டிங் போணுமா?" என்று கேட்பாள். அப்போதெல்லாம் நான் கல்லாவில் இருக்கும் சில்லறையை எண்ண ஆரம்பித்துவிடுவேன்.

இன்று காலை பரீட்சை. கடையைத் திறக்காமலே போனேன். எட்டாம் வகுப்பு பெஞ்சில் என் தொப்பை ஒரு பக்கம், முழங்கால் ஒரு பக்கம். சுற்றிலும் என்னைப் போலவே வியர்த்துக்கொண்டு தாய் தகப்பன்மார். பிள்ளைகள் எல்லாம் பின் சுவர் ஓரமாக நிற்க வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது. மகிமா சடை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு முன்னால் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் லோகநாதன். அவர் கொஞ்சமும் அசராமல், "காத்து கீதா, சவுண்டும் கீது மிஸ்ஸு. காத்த எடுத்துட்டியா, தொண்ட கிழிய கத்துனாலும் வேஸ்ட்டு" என்று போட்டு உடைத்துவிட்டு எழுந்தார். அவர் மகன் பின்னால் நின்று குதிக்கிறான். அடுத்தது நான்.

டீச்சர் நல்ல மாதிரியாகத்தான் ஆரம்பித்தார்கள். "பயந்துகினு உக்காராதீங்க சார். இது உங்களுக்கு வெச்ச டெஸ்ட்டு கிடையாது, உங்க பொண்ணு எப்டி சொல்லிக் குடுத்துச்சுன்னு பாக்குற டெஸ்ட்டு" என்றார்கள். அதுதானே என் பயமே! ஒலி எப்படி உண்டாகிறது என்றார்கள். அதிர்வினால், கடுகே சாட்சி என்றேன். எதில் வேகமாகப் போகும் என்றார்கள். இரும்பில், ஷட்டரே சாட்சி என்றேன். டீச்சர் சிரித்தார்கள், மகிமா சடையைக் கீழே விட்டாள். வெற்றிடத்தில் ஒலி போகுமா என்றார்கள். போகாது என்றேன். "கரெக்ட்டு. ஏன் போகாது? வெற்றிடத்துல என்ன இருக்கு?" என்றார்கள்.

பதில் எனக்குத் தெரியும் அத்தான். தொண்டைக்குழி வரை வந்து நிற்கிறது. ஆனால் அது எந்த வார்த்தை என்று தங்களுக்கே தெரியும். 'உண்டு' என்பதற்கு எதிர்ப்பதம், மூன்றெழுத்து, இந்தக் கடிதத்தில் அதை எழுதக்கூட என் பேனா மறுக்கிறது. கொத்தவால்சாவடியில் நான் வேலை பழகிய காலத்தில் முதலாளி முதல் நாளே சொன்னது, கடையில் அந்த வார்த்தையைச் சொன்னால் லட்சுமி படியிறங்கிப் போய்விடுவாள் என்பது. நாம் வேதக்காரர்கள், லட்சுமிக்கும் நமக்கும் என்ன என்று தாங்கள் கேட்கலாம். முதலாளியின் கைக்கும் என் காதுக்கும் நிறையச் சம்பந்தம் இருந்தது. பருப்பு தீர்ந்துவிட்டதா? "வந்துக்கிட்டு இருக்கு." சர்க்கரை தீர்ந்துவிட்டதா? "நாளைக்கு வந்துரும், அதுக்குள்ள வெல்லம் பாருங்க." முப்பது வருஷமாக இந்த வாய் அப்படியே பழகிவிட்டது. அதிலும் முதல் வியாபாரம் ஆகாத காலை நேரம், கடையே இன்னும் திறக்காத நாள்! அந்த நேரத்தில் டீச்சர் என்னைப் பார்த்து, என்ன இருக்கு என்று கேட்கிறார்கள்.

"வந்துக்கிட்டு இருக்கு டீச்சர்" என்றது என் வாய். "எது வந்துகினு கீது?" என்றார்கள். "காத்துதான். நாளைக்கு வந்துரும்" என்றேன். லோகநாதன் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். டீச்சர் கையைக் காட்டி எல்லோரையும் அடக்கிவிட்டு, "சார், நாளைக்கு வேணாம். இப்ப, இந்த நிமிஷம், உள்ள இன்னா கீது?" என்றார்கள். "இப்போதைக்குக் கொஞ்சம் கம்மி" என்றேன். நான் திரும்பிப் பார்த்தேன். மகிமா சத்தம் காட்டாமல் உதட்டை அசைத்து அந்த வார்த்தையைச் சொல்கிறாள், திரும்பத் திரும்பச் சொல்கிறாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன் அத்தான், சத்தியமாகச் சொல்லத்தான் திறந்தேன். "நிறைஞ்சிருக்கு!" என்று வந்துவிட்டது. டீச்சர் ஒரு பெருமூச்சு விட்டு, சிவப்புப் பேனாவை எடுத்தார்கள்.

திருவொற்றியூர் ஹைரோடு வழியாக நடந்து வந்தோம். கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு போகின்றன, இவள் என் கையை விட்டுவிட்டு நாலடி முன்னால் போகிறாள். திட்டினாலாவது தாங்கிக்கொள்வேன். வீட்டு வாசலில் வந்துதான் கேட்டாள்: "போர்டிங்ல வாரத்துக்கு ஒரு தபா போன் பண்ண வுடுவாங்களாப்பா?" நாளைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன், வேறென்ன சொல்வேன்? பிறகு சுடலைராஜ் கடையில் புது டிரங்குப் பெட்டி ஒன்று வாங்கி வந்து கடையில் இறக்கினேன். தங்கபுஷ்பம் அதை ஒரு பார்வை பார்த்தாள், "அவ ஒழுங்காத்தானே சொல்லிக்குடுத்தா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஆகையால் அத்தான், கோபத்திலும் கண்ணீரிலும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் போர்டிங் இடத்தை உறுதி செய்துவிடுங்கள். அங்கே டீச்சர் சொல்லிக்கொடுப்பார்கள், பிள்ளைகள் படிப்பார்கள், தகப்பன்மார் கடையைப் பார்ப்பார்கள், அவரவர் வேலை அவரவருக்கு. அதோடு, தகப்பனுடைய வாய்க்காகப் பிள்ளைக்கு மார்க் குறைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டு, இங்குள்ள பள்ளி நிர்வாகத்துக்குத் தங்கள் பாணியில் காரசாரமாக ஒரு கடிதம் போடுங்கள். மகிமாவை நானே ரயிலில் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் ராத்திரியில் போர்வையை உதைத்துத் தள்ளிவிடுவாள், வார்டனிடம் சொல்லி வைக்கவும்.

அக்காவுக்கு என் அன்பு. தங்கள் மகள் அனிஷாவுக்கும் மாப்பிள்ளைக்கும் மாமாவின் ஆசீர்வாதம். தங்கள் வாசலும் களஞ்சியமும் குறைவறியாமல் இருக்கக் கர்த்தர் காத்துக்கொள்வாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
ச. தேவப்பிரியம்

பி.கு. (சனிக்கிழமை மத்தியானம்): கூரியர்காரர் இன்னும் வரவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். காலையில் வாட்ஸ்அப்பில் மார்க் வந்தது. மகிமா ஃபெயில். அதாவது நான் ஃபெயில். கீழே டீச்சர், 'பாடம் நன்றாக நடத்தப்பட்டிருக்கிறது. கடைசிக் கேள்வியை மட்டும் இதே நபருக்கு மறுபடி சொல்லிக் கொடுக்கவும். திங்கட்கிழமை திரும்பக் கேட்பேன்' என்று போட்டிருந்தார்கள். நான் ஜெபம் பண்ணிவிட்டுக் கல்லாவில் உட்கார்கிறேன், இன்னும் போணி ஆகவில்லை, மகிமா போனைப் பிடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நேராக அந்த டிரங்குப் பெட்டியிடம் போய் மூடியைத் திறந்து, "அப்பா, கிட்ட வாங்க. உள்ள இன்னா கீது?" என்றாள். எட்டிப் பார்த்தேன். புதுத் தகர வாசனை. அதற்குள் இவள் பாவாடையும் சட்டையும் மடிந்து கிடப்பதாக ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன், மாடி வீட்டில் இவள் குரல் கேட்காமல் நானும் தங்கபுஷ்பமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதையும் நினைத்துப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லைம்மா" என்றேன். இசக்கிப்பாண்டி கையிலிருந்த அரிசி முறத்தைக் கீழே போட்டுவிட்டு, "ஏ அண்ணாச்சி, இன்னும் போணி ஆவலையே!" என்று அலறினான். மகிமா, "இன்னொரு தபா சொல்லுங்கப்பா" என்றாள். "ஒண்ணும் இல்லை. ஒண்ணுமே இல்லை" என்றேன். அவள் அங்கேயே என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், சுடலைராஜ் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தான், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஆகவே மேலே எழுதியது எதையும் தயவுசெய்து படிக்க வேண்டாம். நிர்வாகத்துக்குக் கடிதம் தேவையில்லை. வார்டனிடம் அந்த இடத்தை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள், திங்கட்கிழமை நான் என்ன உளறினாலும் மகிமாவை அனுப்புவதாக இல்லை. சர்ச் வாசலில் கேட்பவர்களுக்கு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன். டிரங்குப் பெட்டியில் பெருங்காயம் போட்டு வைத்துவிட்டேன். காலையிலிருந்து கடைக்கு ஓர் ஈ காக்கை வரவில்லை. இசக்கிப்பாண்டி என்னை முறைத்துக்கொண்டே நிற்கிறான். பரவாயில்லை.