ஒரே மாதிரிக்காரர்

வலது கையில் அப்பாவுக்கு சூப் ஊட்டும் கரண்டி. இடது கையில் மவுஸ். கரண்டி அந்தரத்தில் நிற்கிறது, மவுஸ் மட்டும் ஓடுகிறது. இந்தக் கோலத்தில் ஒருவரைக் கண்டால் சந்தேகமே வேண்டாம், அவர் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தாக வேண்டும் என்கிற ஒரே மாதிரிக்காரர் இனம். சாதுவான பிராணி. கடிக்காது. பிடித்தால் விடாது.

"வாயைத் திறந்துகிட்டு எவ்வளவு நேரம்டா உக்கார்றது? ஈ புகுந்துடும்" என்றார் அப்பா.

"ஒரு நிமிஷம்ப்பா. கையேட்டுல ஒரு தலைப்பு தடிமனா இருக்கு, இன்னொண்ணு மெலிசா இருக்கு."

"நானுந்தான் மெலிஞ்சுகிட்டிருக்கேன்."

இந்த இனம் எங்கும் உண்டு. கொடியில் கிளிப்புகளை நிறவாரியாக மாட்டும். விருந்தாளியின் செருப்பைக்கூட வாசல் பார்க்கத் திருப்பி வைக்கும். ஆனால் கொழுத்து வளர்வது திறந்த மென்பொருளில்தான். யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று ஊருக்கே திறந்துவிட்ட மென்பொருள், அதற்கொரு கையேடு, அதை எழுதச் சம்பளமில்லாத தொண்டர்கள். சம்பளம் இல்லாவிட்டால் என்ன, சண்டைக்குக் குறைவா?

நம்மவர் கவனித்த கையேடு, முதியோர் இல்லங்களில் மாத்திரை வேளையை மணியடித்து நினைவூட்டும் மென்பொருளுக்கானது. அவருடைய அக்கா அப்படியோர் இல்லத்தின் தலைமை நர்ஸ். சூப் ஊட்டிய நாளுக்கு மறுநாள் காலை முதல் அங்கே இந்த மணிதான். ஆனால் மாத்திரை கொடுத்தவர் அதைப் பதிய மறந்தால் மணி மறுபடி அடிக்கும்; அடுத்து வருபவர் இன்னொன்றை வாயில் போட்டுவிடுவார். ரத்த அழுத்த மாத்திரை இரட்டிப்பானால் எழுந்து நிற்கிற மனுஷன் அப்படியே சரிவார். ஆகவே, மணி அடித்தால் முதலில் யாரைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று அக்கா ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தாள்.

அது கையேட்டில் ஏறவில்லை. ஏன்? படிகளுக்கு முன்னால் அவள் புள்ளி வைத்திருந்தாள். மற்ற பக்கங்களில் கோடு.

அன்று மாலை கணினித் திரையில் குழுக் கூட்டம். நம்மவர் கோட்டுக் கட்சி. எதிரணித் தலைவரைக் குழுவே பெரும்புள்ளி என்றுதான் அழைக்கும்.

"சின்ன விஷயந்தான் சார், ஆனா கோடு கண்ணை உறுத்துது" என்றார் பெரும்புள்ளி.

"புள்ளி மட்டும் என்னவாம்? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு சார்."

"நான் அனுப்பின பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு யாராவது படிச்சீங்களா?" என்று நம்மவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அக்கா கேட்டாள்.

"அது பிரமாதம்க்கா. இனிமேதான் படிக்கணும். ஆனா கூட்டத்துல பேசணும்னா முதல்ல கையைத் தூக்கணும்."

"தூக்கினா உன் கன்னத்துலதான்டா இறங்கும்!"

ஒழுங்கு வேண்டாம் என்றா சொல்கிறேன்? மருந்து அலமாரியை ஆளுக்கொரு விதமாக அடுக்கினால் ஆள் போய்விடும். ஏதாவது ஒன்றை முடிவுசெய்து, எல்லாரும் அதன்படி நடந்தால் போதும். அந்த 'ஏதாவது'தான் இந்த இனத்துக்கு எட்டிக்காய்.

கடைசியில் இரு கட்சியும் ஏகமனதாகத் தீர்மானித்தன: முதலில் விதிகளை எழுத வேண்டும், அதுவரை எந்தப் பக்கமும் ஏறக் கூடாது. உடனே எழுத உட்கார்ந்தார்கள். முதல் விதிக்கு முன்னால் என்ன போடுவது, புள்ளியா, கோடா?

கூட்டம் தேதி குறிக்காமல் ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் காலை அக்கா தன் பக்கத்தைக் கொட்டை எழுத்தில் அச்செடுத்து, இல்லத்து மருந்து அலமாரிக் கதவில் ஒட்டினாள். அவளை வண்டியில் கொண்டுவந்து விட்ட நம்மவரும் கூடவே நின்றார். மணி அடித்தது. மாத்திரையோடு கிளம்பிய பணிப்பெண் தாளைப் பார்த்தாள், நின்றாள், உள்ளே குரல் கொடுத்தாள்.

"நாலாம் கட்டில் தாத்தாவுக்குக் குடுத்தாச்சா?"

"அப்பவே குடுத்துட்டேன்டி! பதிய மறந்துட்டேன்."

மாத்திரை டப்பாவுக்குத் திரும்பியது.

"பாத்தியாடா?" என்றாள் அக்கா.

"பாத்தேன்க்கா." நம்மவர் கண்ணை இடுக்கிக்கொண்டு கதவருகே போனார். "தாள்தான் கொஞ்சம் இடப்பக்கம் சாஞ்சிருக்கு."

சொல்லிக்கொண்டே பிய்த்துவிட்டார். தாள் அவர் கையில், கதவு மொட்டை. அடுத்த மணி அடித்தது. அக்கா தாளைப் பிடுங்கி, முன்னைவிடக் கோணலாக அறைந்து, நான்கு பக்கமும் டேப்பை இழுத்து ஒட்டினாள்.

அது இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது. என்ன, உங்களுக்கும் கை துறுதுறுக்கிறதா? கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.