தணல்விழுங்கியைப் பற்றி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

லிஃப்ட் பழுதுபார்த்துப் பிழைக்கும் வாசகன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நான் நலம். தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும் நலமாக இருக்க வேண்டும். சென்ற இதழில் ‘ஒரே கார்டில் எதிராளியைச் சாய்ப்பது எப்படி’ என்று நான் எழுதிய கட்டுரையை, என் புகைப்படத்தோடு வெளியிட்டீர்கள். புகைப்படத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. கட்டுரையைத்தான் வாபஸ் வாங்குகிறேன். அதை நம்பி யாராவது தங்கள் கார்டுக் கட்டை மாற்றியிருந்தால் என்னை மன்னிக்கச் சொல்லவும்.

நடந்தது இதுதான். இந்தக் கார்டு விளையாட்டில் அவரவர் நாற்பது கார்டுகளைப் பொறுக்கித் தங்கள் கட்டைச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும். என் சகலை பல் டாக்டர். அவர் கட்டு முழுக்க நெருப்பு மிருகங்கள். இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் என்னைத் தோற்கடிக்கிறார். பெரிய நாகத்தை மேசையில் இறக்குவதற்கு முன்னால், நோயாளியிடம் சொல்கிற அதே மெல்லிய குரலில், “லேசா வலிக்கும், சகலை” என்பார். அவருக்காகவே தணல்விழுங்கி என்ற கார்டைத் தேடிப் பிடித்தேன். எதிராளி இறக்கும் நெருப்பு மிருகம் எதுவானாலும் ஒரே வாயில் விழுங்கிவிடும். எதிராளியிடம் நெருப்பு இல்லையென்றால் வெறும் அட்டை, விசிறிக்கொள்ள ஆகும். நல்ல கார்டுகள் நான்கை எடுத்துவிட்டு நான்கு தணல்விழுங்கி வைத்தேன். வைத்ததோடு சும்மா இருந்தேனா, பெருமை தாங்காமல் உங்களுக்குக் கட்டுரையும் எழுதினேன்.

எங்கள் குழுவுக்கு என் மகள்தான் கேப்டன். வெளியூர்ப் போட்டிக்கு நான்கு பேர் போக வேண்டும், ஓர் இடம் மிச்சம். கேட்டது நானும் சகலையும். மூன்று நாள் பயணம் அது. முடிந்த கையோடு அவள் வேறு ஊரில் வேலையில் சேரப் போகிறாள். அந்த மூன்று நாளுக்காகத்தான் நான் இத்தனை பாடு பட்டேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஏற்கெனவே குழுவில் இருக்கும் மற்ற இருவரோடும், பிறகு எங்களுக்குள்ளும் ஆளுக்கு மூன்று ஆட்டம், அதிகம் ஜெயிப்பவருக்கு இடம் என்று அவள் சொன்னாள். என் கட்டைப் புரட்டிப் பார்த்தவள், “அப்பா, இது சித்தப்பா ஒருத்தருக்கு மட்டும்தான் வேலை செய்யும். மத்த ரெண்டு பேர்கிட்ட என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டாள். “சமாளிப்பேன்” என்றேன்.

முதல் ஆட்டம் பள்ளி வேன் ஓட்டும் அம்மாவோடு. அவருடையது தண்ணீர்க் கட்டு. என் கையில் மூன்று தணல்விழுங்கி. அவர் ஆமையை வைத்தார், நண்டை வைத்தார், இன்னோர் ஆமையை வைத்தார், நான் கார்டுகளை இடமும் வலமுமாக மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தேன். “என்ன சார், எதுவும் வைக்கலையா?” “யோசிக்கிறேம்மா.” “யோசிங்க. நான் காபி குடிச்சுட்டு வந்துடறேன்.” இரண்டாவது ஆட்டம் மருந்துக்கடைக்காரரோடு. அவருடையவை எல்லாம் பறவைகள், என் கையிலோ இந்த முறை நான்காவது தணல்விழுங்கியும் வந்து சேர்ந்தது. அந்த ஆட்டத்தை விவரிக்க என் மானம் இடம் கொடுக்கவில்லை.

போகட்டும், மூன்றாவது ஆட்டம் சகலையோடுதானே என்று தெம்பாக உட்கார்ந்தேன். அவர் ஒரு மரத்தை வைத்தார்.

“என்ன சகலை இது?”

“மரம்.”

“நெருப்பு எங்க?”

“உங்க கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். ரொம்பத் தெளிவா எழுதியிருந்தீங்க.”

என் தணல்விழுங்கிக்குப் பயந்து, தன் கிளினிக் நர்ஸிடம் காட்டுக் கட்டு ஒன்றை இரவல் வாங்கி வந்திருக்கிறார் மனிதர். அதை ஆடத் தெரியாமல் அவரும் முதல் இரண்டு ஆட்டத்தைக் கோட்டை விட்டிருந்தார். அவர் மரமாக நட்டுக்கொண்டே போனார், எனக்கு வெட்டத் தெரியவில்லை, நட்டதை வைத்து என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து என் மகள் வந்து எங்கள் இருவர் கார்டுகளையும் வாரி எடுத்தாள். “ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் பயந்தே கெட்டீங்க. வர்ற பத்தாம் தேதி மறுபடி ஆடுங்க, நீங்க ரெண்டு பேர் மட்டும்.” படியிறங்கும்போது என் தோளைத் தொட்டு, “நீங்க வரணும்னுதான் எனக்கு ஆசைப்பா. கேப்டன் அதைச் சொல்லக் கூடாது” என்றாள்.

அன்றைக்கே நான்கு கார்டுகளையும் மனைவி முன்னால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். “இனிமே தொட மாட்டீங்கல்ல?” என்றாள். “தொட மாட்டேன்” என்றேன். ஓர் ஆளை மட்டும் மனதில் வைத்துக் கட்டு சேர்ப்பவன் ஊரெல்லாம் தோற்பான் என்பதை வாசகர்கள் என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். தங்கள் இதழ் செழிக்கட்டும். அதைப் பிரிக்கும் கைகளுக்கெல்லாம் நல்ல கார்டாக வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
திருந்திவிட்ட வாசகன்

பின்குறிப்பு: கடிதத்தை எப்படியாவது பத்தாம் தேதிக்கு முன்னால், முடிந்தால் முதல் பக்கத்திலேயே, கொட்டை எழுத்தில் போடவும். சகலை உங்கள் இதழை ஒரு வரி விடாமல் படிப்பவர். இதைப் படித்தால் நிம்மதியாகத் தன் நெருப்புக் கட்டோடு வருவார். நான்கு தணல்விழுங்கியும் நேற்றே என் கட்டுக்குள் போய்விட்டன. இந்தப் பின்குறிப்பை மட்டும் தவறியும் அச்சில் ஏற்றிவிட வேண்டாம்.